துணி கட்டிய சுரைக்காய்

குச்சியை நட்டாலும் துளிர்க்க வைக்கிற கைராசிக்காரி, என் லூர்துவுக்கு,

சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. அதனால் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சுரைக்கொடியில் பிஞ்சு நிற்கிறது. ஒன்றே ஒன்று. இன்று காலை பார்த்தபோது என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை மயிரோடு, வாடின பூவைத் தலையிலிருந்து இன்னும் கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

எந்தச் சுரை, அதுதான் போச்சே என்று கேட்பாய். போகவில்லை லூர்து. போய்விட்டது என்றுதான் நானும் ஏழு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். போக்கடித்தவளே நான்தானே.

நாலு பேர் படிக்கிற இடத்தில் உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். சிரித்துக்கொள். நான் செய்ததை நாலு பேர் முன்னால் சொன்னால்தான் எனக்கு ஆறும் என்று தோன்றுகிறது.

நீ முதன்முதலில் என் பட்டறைக்கு வந்தது பானை வாங்குவதற்காக இல்லை. நீங்கள் வடக்கனந்தலுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் சூளையைப் பிரித்துப் பானைகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"அக்கா, அந்தச் சாம்பல இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது, கொட்டிடுவோம்."

"அய்யய்யோ! எங்கூட்டுப் பக்கம் கொட்டுங்க்கா. புண்ணியமாப் போவும்."

அன்றிலிருந்து நான் உனக்குச் சாம்பலக்கா. அப்பா வைத்த சுமதி என்ற பெயர் உன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. சாம்பலை வாரிக்கொண்டு போனவள் அடுத்த சூளைக்கு உடைந்த பானைகளையும் கேட்டாய். வாய் போனதில் கத்தரி வைத்தாய், அடி போனதை வெண்டைக்குத் தொப்பிபோல் கவிழ்த்தாய், பிளந்ததை மண்ணில் செருகி வரப்புக் கட்டினாய். ஒருமுறை மூடி சேராத சின்னப் பானை ஒன்றைத் தூக்கி எறியப்போனேன். ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாய். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. "காத்து போய் வரட்டும், நல்லதுதான்" என்று அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாய். அந்தப் பானையை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் வருகிறது.

பகலெல்லாம் கச்சிராயபாளையத்து நர்சரியில் மற்றவர்களுக்காக நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவாய். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, சேலையைக்கூட மாற்றாமல் உன் செடிகளிடம் உட்காருவாய். அலுக்காதா என்று கேட்டால், "அது டூட்டி, இது வூடு" என்பாய். வேலை முடிந்ததும் வேலி இடுக்கில் நுழைந்து என் பட்டறைக்கு வருவாய். காய்வதற்காக நான் அடுக்கி வைத்திருக்கும் பானைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாய். அப்படி ஒரு நாள் சொன்னதுதான், இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"இன்னாக்கா இது? அல்லாம் யூனிஃபார்ம் போட்டுக்கினு பிரேயர்ல நிக்கிற மாதிரி நிக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் என்று அப்போது உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எங்கள் வீடுகளில் பெண்கள் மண் மிதிப்பார்கள், பிசைவார்கள், பலகையால் பானை தட்டுவார்கள். சக்கரத்தில் உட்காருவது ஆண்கள்தான். நான் பாட்டனி படித்துவிட்டு, மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, அதை விட்டுவிட்டு வந்து சக்கரத்தில் உட்கார்ந்தேன். 'பொம்பளை கை கோணும்' என்று எத்தனை பேர் காத்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? கோணவே கூடாது என்று எனக்கு ஒரு வெறி. பத்துப் பானையை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். அதைத்தான் நீ யூனிஃபார்ம் என்றாய்.

கோபத்தோடு கோபமாக, "நீ என்னமோ பெரிசா சொல்றியே, எனக்குக் கைப்பிடி நிக்க மாட்டேங்குது, அதுக்கு ஒரு வழி சொல்லு" என்று கேட்டேன். குடுவைக்குக் கைப்பிடி ஒட்டுவேன், காயும்போது ஒட்டிய இடத்தில் விரிந்துவிடும். பாதிக்குப் பாதி அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பரங்கிக்காயைக் காம்போடு தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாய்.

"இத்தப் பாரு. இத்தினி கனத்தத் தாங்குது. காம்பு மேல ஒல்லியா வந்து காயாண்ட வரச்சொல்ல எப்பிடி அகலமாக் கால ஊனிக்கினு நிக்குது பாரு. உன் கைப்பிடி ஒத்தக் கால்ல நிக்குது."

அவ்வளவுதான். அன்றைக்கு மறுநாளிலிருந்து என் கைப்பிடிகள் பரங்கிக்காம்பு போல அடியில் ஐந்து விரலாக விரிந்து உட்கார்ந்தன. விரிசல் நின்றது. அதற்குப் பிறகு நானே வேலி இடுக்கில் நுழைந்து வர ஆரம்பித்தேன். பூசணிப் பூவிலிருந்து கிண்ணத்தின் வாய் வந்தது. அவரை நெற்றின் விளிம்பிலிருந்து தட்டின் ஓரம் வந்தது. ஆமணக்கு இலையைப் பச்சை மண்ணில் அழுத்தி எடுத்தால் அதன் நரம்புகள் பதியும் என்று நான் கண்டுபிடித்தபோது, "இலைக்குப் பின்பக்கத்த வச்சி அமுக்குக்கா, நரம்பு அங்கதான் பொடச்சிக்கினு இருக்கும்" என்று சொன்னவள் நீ. மூன்று வருடம் புத்தகத்தில் இலை வரைந்தவள் நான்.

நீ எந்தப் பூவையும் காயையும் எனக்குப் பறித்துத் தந்ததில்லை. பரங்கிக்காய் ஒன்றுதான், அதுவும் குழம்புக்கு வந்தது. மற்றதெல்லாம் "வந்து பாத்துக்கோ" தான். நான் பார்க்க வேண்டியதில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டி வைப்பாய், உன் வீட்டுக்காரர் அந்தோணி பறித்துவிடக்கூடாது என்று. விதைக்கு விடுகிற காயிலும் அதே கிழிசலைத்தான் கட்டுவாய். அவருக்கு ஒரே சட்டம்: துணி கட்டினதைத் தொடக்கூடாது. கரும்பு லோடு ஏற்றிவிட்டுப் பசியோடு வருகிற மனுஷன், தோட்டத்தில் நின்று துணி கட்டாத காயாகத் தேடிக்கொண்டிருப்பார். "இவ என்னியும் துணி கட்டி வுட்டுட்டா நிம்மதியா இருப்பன்" என்பார்.

சுரைக்கு வருகிறேன்.

நர்சரிக்காரர்களோடு வெள்ளிமலைக்கு மலைக்கன்று எடுக்கப் போனவள், ஐந்து விதையைத் தாலிக்கயிற்றின் ஊக்கில் ஒரு பொட்டலமாக முடிந்துகொண்டு வந்தாய். மலையில் தண்ணீர் மொள்ள வைத்திருந்த குடுக்கைச் சுரை அது. காய்த்தபோதுதான் பார்த்தேன். கடையில் வாங்குகிற சுரைக்காய்க்கும் அதற்கும் உறவே இல்லை. பெரிய தொந்தி, அதிலிருந்து மெல்லக் குறுகி எழுகிற கழுத்து, கழுத்து ஓரிடத்தில் திரும்பிப் பார்ப்பதுபோல் ஒரு வளைவு. நான் அதன் முன்னால் நின்றது நின்றபடியே இருந்தேன். நீ உன் கை மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாய்.

"பாட்டனி படிச்சவளே, இதுக்கு இங்கிலீஷ்ல இன்னா பேரு?"

"லஜெனேரியா."

"பேரு வாய் நெறைய வருது. எத்தினி மணிக்குப் பூ பூக்கும் சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை. நீ சிரித்த சிரிப்பில் அந்தோணி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெள்ளைவெளேர் என்று ஒவ்வொன்றாக அது விரிந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

அந்த வடிவத்தில் ஒரு குடுவை செய்ய வேண்டும் என்று இரண்டு வருடம் சக்கரத்தில் முட்டிமோதினேன். சக்கரம் வட்டமாகத்தானே சுற்றும்? திரும்பிப் பார்க்கிற அந்தக் கழுத்து வரவே இல்லை. போன கார்த்திகையில் புதுச்சேரியில் ஒரு கண்காட்சிக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நீ நர்சரிக்குப் போயிருந்தாய். நான் வேலி இடுக்கில் நுழைந்தேன். கொடியில் கடைசியாக ஒரு காய் இருந்தது. கழுத்தில் உன் சிவப்புச் சேலைக் கிழிசல் கட்டியிருந்தது.

எனக்காகத்தான் கட்டியிருக்கிறாய் என்று நினைத்தேன். பொய் சொல்லக்கூடாது லூர்து. அப்படி நினைப்பது எனக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது. கொடியில் வேறு காயே இல்லை என்பதைப் பார்த்தேன். கார்த்திகையில் கடைசியாக விட்ட காய் எதற்கு என்று, பாட்டனி படிக்காதவளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் கத்தியை எடுத்தேன். துணியை அவிழ்த்து வேலிமுள்ளில் மாட்டிவிட்டு வந்தேன்.

காயைப் பிளாஸ்டரில் பதித்து இரண்டு பாதியாக அச்செடுத்தேன். அச்சில் மண்ணை அழுத்தி, இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி மூன்று குடுவை செய்தேன். பார்ப்பதற்குச் சுரைக்காயேதான். சூளையைப் பிரித்தபோது மூன்றும் ஒட்டின கோட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

காய் போனதைப் பார்த்தும் அதுவரை இந்தப் பக்கம் வராதவள் அன்றைக்குச் சாயங்காலம் வந்தாய். வேலிமுள்ளில் இருந்த துணி உன் கையில் இருந்தது. பிளந்த குடுவைகளைப் பார்த்தாய், அச்சைப் பார்த்தாய், மூலையில் அழுகிக்கொண்டிருந்த காயைக் காலால் புரட்டிப் பார்த்தாய்.

"வெத முத்தலியேக்கா. இன்னும் ஒரு மாசம் வுட்டிருந்தா..."

அவ்வளவுதான் சொன்னாய். கத்தியிருக்கலாம். எனக்கு நீ இரண்டு வயது சின்னவள், ஆனாலும் என்னை அறைந்திருக்கலாம். வேலி இடுக்கில் குனிந்து போனவள் பதினெட்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. நான் அந்தப் பக்கம் வரவில்லை. சூளைச் சாம்பல் குவிந்து கிடந்தது, கேட்க ஆள் இல்லை.

பிறகு காய்ச்சல். முதலில் மாத்திரை, பிறகு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. நான் ஓடிவந்தபோது உன் உதடெல்லாம் வெடித்திருந்தது. அப்போதும் நீ கேட்டது, "கத்திரிக்குத் தண்ணி ஊத்துனியா?" ஊற்றினேன் என்றேன். பிறகு இதைச் சொன்னாய்.

"அந்தக் காய் போனாப் போவுதுக்கா. நீ அத்த அறுத்து எடுத்துக்கினு போனதுதான் எனக்கு ஆத்திரம். கொடியில இருக்கச்சொல்லவே பாக்கணும் அத்த. கீழ எறக்கிட்டா அது வெறும் காய்தான்."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் விதை எடுத்து உன் கொடியை நான் வளர்க்கிறேன் என்றேன். எந்த விதையை வைத்து? அப்போது யோசிக்கவில்லை. நீயும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது நீ போய்விட்டாய்.

கொடுத்த வாக்கு என்னை விடவில்லை. உன் கத்தரியும் வெண்டையும் நான் ஊற்றின தண்ணீரில் பிழைத்தன. சுரைக்கொடி மட்டும் காய்ந்து பந்தலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஊரில் விசாரித்தேன். நர்சரியில் கேட்டேன். மணலூர்பேட்டைச் சந்தைவரை போய்க் கேட்டேன். எல்லாரும் பாக்கெட் விதையை நீட்டினார்கள். வைகாசியில் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். இல்லாமல் திரும்பக்கூடாது என்றுதான் ஏறினேன்.

மலையில் மூன்று நாள் சுற்றினேன். நீ விதை வாங்கின வீடு எது என்று எனக்குத் தெரியாது, நீ சொன்னதில்லை. தேன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் குடுக்கைச் சுரை என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"இப்ப யாரும்மா குடுக்கையில தண்ணி மொள்றாங்க? பிளாஸ்டிக் கொடம் வந்து எத்தினியோ நாளாச்சி. கொடியும் போச்சி. காஞ்ச கூடு ஒண்ணு எங்கூட்ல தொங்குது, வா காட்டறன்."

அடுப்புக்கு மேலே புகையில் கறுத்துத் தொங்கியது அது. உள்ளே சாமை விதையைப் போட்டு வைத்திருந்தார். அதன் சொந்த விதைகளை எப்போதோ கொட்டியாயிற்று.

"வெலைக்குக் குடுக்க மாட்டன், சொல்லிட்டன்."

"வேணாம்மா. உக்காந்து பாத்துக்கறேன்."

"பாக்கறதுக்கா பஸ் ஏறி வந்த? பாரு, பாரு. கண்ணு பட்டு ஒடச்சி வுட்டுடாத."

மத்தியானம் முழுக்க அதன் அடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் களி கிண்டினார், எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார், நான் பார்த்துக்கொண்டே தின்றேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. குடுக்கையின் தொந்தியைச் சுற்றி ஒரு லேசான பள்ளம், இரண்டு விரல் அகலத்துக்கு. காய் கனத்து வந்தபோது பந்தலில் தூளி கட்டித் தாங்கியிருக்கிறார்கள். அந்தத் துணியின் அழுத்தம் ஓட்டிலேயே பதிந்து நின்றுவிட்டது. நீயும் அப்படித்தான் பழைய சேலையில் தூளி கட்டுவாய். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அந்தத் தொந்தி வட்டமே இல்லை லூர்து. தூளியில் அமுங்கின பக்கம் தணிந்து, மற்றப் பக்கம் எழும்பி, அந்தக் கனம் இழுத்த இழுப்புக்குக் கழுத்து வளைந்திருக்கிறது. தொங்கினதால் வந்த உருவம் அது. நான் இரண்டு வருடமாக அதைத் தரையில் நிற்கவைத்துச் செய்யப் பார்த்திருக்கிறேன்.

கொடியில் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று நீ ஏன் சொன்னாய் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

விதை இல்லாமல்தான் இறங்கினேன். ஆனால் மறுநாளே பட்டறை விட்டத்தில் என் பழைய சேலையை நனைத்துத் தூளி கட்டினேன். சக்கரத்தில் தொந்தியும் கழுத்துமாகச் சேர்த்து எடுத்த குடுவையைப் பாதி காய்ந்த பதத்தில் தூளியில் படுக்க வைத்தேன். முதல் ஆறு விழுந்து நசுங்கின. பதம் கொஞ்சம் முன்னால் போனால் தொய்கிறது, பின்னால் போனால் வளைய மறுக்கிறது. ஏழாவது நின்றது. கழுத்து, நான் தொடாமலே, மெல்ல ஒரு பக்கம் திரும்பியது. ஒட்டு இல்லை, அதனால் சூளையில் பிளக்கவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் கோணல் பானை. அதை யாருக்கும் காட்டாமல் எடுத்து வைத்திருக்கிறேன். உயிரோடு ஒரு காய் தொங்குவதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வந்தார். முகம் கடுகடு என்று இருந்தது.

"அக்கா, கோச்சிக்காத. இன்னா சாம்பல் இது? பாத்திரம் தேச்சா வரட்டு வரட்டுன்னு சவுண்டு வருது. குக்கரெல்லாம் கோடு கோடா வுழுந்து போச்சி."

"நான் எப்ப உனக்குச் சாம்பல் குடுத்தேன்?"

"நீ குடுத்ததுதான். லூர்து அடுப்பாண்ட வச்சிருந்துச்சே, மூடி சேராத பானையில. சோப்பு தீந்து போச்சின்னு ஒரு வாரமா அத்த எடுத்துத் தேச்சிக்கினு இருக்கறன். உள்ள சில்லு சில்லாக் கெடக்குது. பானை ஓட்டக் கீட்ட இடிச்சிப் போட்டியா?"

கையை விரித்துக் காட்டினார். தட்டையாக, பழுப்பாக, ஒரு முனையில் இரண்டு சின்னக் கொம்போடு இரண்டு சில்லு.

அந்த இரண்டையும் என் கையில் வாங்கிக்கொண்டேன். "மீதி எங்க?" என்று கேட்டேன்.

"சலதாரையில போயிடிச்சி. ஏன், இன்னா?"

அது சுரைவிதை, பூச்சி அரிக்காமலிருக்க நீ சாம்பலில் போட்டு வைத்தது என்று சொன்னேன். வேலி இடுக்கில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து, அவர் சட்டை கிழிந்தது. சலதாரையில் ஒன்றும் இல்லை. பானையைக் கவிழ்த்துச் சாம்பலைச் சல்லடையில் சலித்தேன். இன்னும் ஒன்று கிடைத்தது. மொத்தம் மூன்று. அந்தோணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அவ வெதையப் போட்டுக் குக்கர் தேச்சிருக்கறன் நானு" என்று சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒன்று கேட்கிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தின விதை அடுப்படியில் இருக்கிறது என்று நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? பழசு, முளைக்காது என்று நினைத்தாயா? காய்ச்சலில் மறந்துவிட்டாயா? இல்லை, இவள் கொஞ்ச நாள் அலையட்டும் என்று விட்டுவிட்டாயா? இது எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஆடியில் மூன்றையும் போட்டேன். ஒன்று அழுகியது. ஒன்று இரண்டு இலை விட்டு, எறும்போ என்னவோ, ஒரே நாளில் படுத்துவிட்டது. மூன்றாவது ஏறியது. சிவப்பு வண்டு வந்தது. காலையில் பனி ஈரம் காய்வதற்குள் இலைமேல் சூளைச் சாம்பலைத் தூவினேன், நீ செய்கிற மாதிரியே. ஆடு வராமல் அந்தோணி முள் வெட்டிக்கொண்டு வந்து வளைத்துக் கட்டினார். சேலத்தில் நர்சிங் படிக்கிற உன் மகள் பிரின்சி தினமும் போன் செய்து, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பதற்கு முன்னால் கொடி எத்தனை அடி என்று கேட்கிறாள்.

கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளினால்தான் பக்கக்கிளை விட்டுப் பெண் பூ வரும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இருப்பது ஒரே கொடி. நகத்தை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன், மூன்று நாள் அப்படியே ஓடியது. நாலாம் நாள் அந்தோணி, "லூர்து கிள்ளச்சொல்ல ஒரு வார்த்த சொல்லும்க்கா. 'வலிக்காது கண்ணு'ன்னு" என்றார். நானும் அதைச் சொல்லிவிட்டுக் கிள்ளினேன். முதலில் வந்த பெண் பூ இரண்டும் உதிர்ந்தன. நேரம் தப்பிவிட்டேன் போலிருக்கிறது. மூன்றாவதற்கு விளக்கு வைக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். பூ விரிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின்மேல் ஒற்றி எடுத்தேன்.

அதுதான் பிடித்திருக்கிறது. அதுதான் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக நிற்கிறது.

கண்காட்சிக்காரர்கள் இந்த வருடமும் கூப்பிட்டார்கள். போன வருடம் தருவதாகச் சொன்ன சுரைக்குடுவை வேண்டுமாம், கார்த்திகைக்குள் வேண்டுமாம். தை மாதம் வரைக்கும் ஆகும் என்றேன். அப்படியானால் இடம் இருக்காது என்றார்கள். சரி என்று போனை வைத்துவிட்டேன். நேற்று சக்கரத்தைப் பட்டறையிலிருந்து நகர்த்தி உன் பந்தலுக்கு எதிரில் போட்டிருக்கிறேன். கரண்டுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தது அந்தோணி. காய் வளர வளர, அது தொங்குகிறபடி, ஒவ்வொரு வாரமும் ஒரு குடுவை செய்யப்போகிறேன். இந்தக் காயில் கத்தி படாது. குலுக்கினால் உள்ளே விதை சத்தம் போடும்வரை அது கொடியிலேயே காயும். விதை வந்ததும் பாதி வெள்ளிமலைக்குப் போகும், அந்தக் களி கொடுத்த அம்மாவின் வீட்டுக்கு. கொஞ்சம் பிரின்சிக்கு. மீதி சாம்பலோடு அதே மூடி சேராத பானையில் இருக்கும். பானையின்மேல் பெரிய எழுத்தில் 'பாத்திரம் தேய்க்க அல்ல' என்று எழுதியாயிற்று.

அடுத்த மாதம் கல்லறைத் திருநாள். எல்லாரும் அவரவர் தோட்டத்தில் விளைந்ததில் எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். உன் கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்ற நானும் அந்தோணியும் வருவோம். உன் தலைமாட்டில் வைக்க என்னிடம் ஒன்றும் இருக்காது லூர்து. நான் வெறுங்கையோடுதான் வருவேன். காய் கொடியில் இருக்கும்.

வேலிமுள்ளிலிருந்து நீ எடுத்துப் போன அந்தச் சிவப்புக் கிழிசலை அந்தோணி உன் பைபிளுக்குள் வைத்திருந்தார். இன்று காலை அதைப் பிஞ்சின் காம்பில், இறுக்காமல், நானே கட்டினேன்.

வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் உடன்பிறவா மூத்தவள்,
சாம்பலக்கா